ஏரிக்கரையில் ஏஞ்சல் மீன்

பொன்னேரியில் பழவேற்காடு பேருந்தில் ஏறியபோது எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இளைஞரின் மடியில் ஒரு பெரிய துணிப்பை இருந்தது. உள்ளே ஆக்சிஜன் அடைத்து ரப்பர் பேண்ட் போட்ட பாலித்தீன் பைகள். ஏஞ்சல், மோலி, கப்பி என்று எல்லாம் வண்ண மீன்கள். வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் துணிப்பையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டார். டிக்கெட் கொடுக்க வந்த நடத்துநர் பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "பழவேற்காட்டுக்கே மீனாப்பா?" என்றார். வண்டியில் பாதிப் பேர் சிரித்தார்கள். சந்தையில் விற்று முடித்துக் காலிக் கூடையோடு ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஒரு மீன்கார அம்மா மட்டும், "இத துன்ன முடியுமா?" என்று அக்கறையாக விசாரித்தார்.

மீன்கள் குளத்தூரில் வாங்கியவை. வட சென்னையில் குளத்தூர் என்றால் வண்ண மீன்தான். செங்குன்றம், மாதவரம், பொன்னேரிப் பக்கமெல்லாம் சிமென்ட் தொட்டி கட்டி வளர்ப்பவர்களின் மீன்களும், வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வரும் மீன்களும் அங்கேதான் வந்து கைமாறுகின்றன. நம் இளைஞருக்குக் குப்பத்து வீட்டின் முன்னறையில் சில டேங்குகள் உண்டு. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டாக விற்கிறார். நிரந்தர வேலை படகில்தான்.

"போன வாரம் ஏஞ்சல் எல்லாம் படுத்துடுச்சு சார். அதான் புதுசா வாங்கினு போறேன்" என்றார். பழைய மீன் ஏன் செத்தது என்று கேட்டேன். "வெள்ளைப்புள்ளி. மருந்து ஊத்துனேன், புள்ளி போயிடுச்சு. நாலு நாள்ல திரும்ப வந்துடுச்சு." நான் பார்க்கப் போனது ஏரியையும் பூநாரைகளையும். ஆனால் புள்ளி போய்த் திரும்பி வந்த கதையைக் கேட்ட பிறகு, வீட்டுக்கு வரலாமா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

சென்னையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் இருக்கிறது பழவேற்காடு. இந்தியாவின் உவர்நீர்க் காயல்களில் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியது. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்க, தென்முனை மட்டும் தமிழ்நாட்டில். கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா தீவு வங்கக்கடலைத் தடுத்து நிற்கிறது. டச்சுக்காரர்கள் 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி இங்கிருந்து துணி வாங்கிக் கப்பலேற்றினார்கள். கோட்டை புதருக்குள் போய்விட்டது. கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதைப் பற்றி எழுதாத பயணக் கட்டுரை இல்லை என்பதால் நான் விட்டுவிடுகிறேன்.

எனக்கு முக்கியமாகப் பட்டது தண்ணீர். ஊர்க்காரர்கள் இதை ஏரி என்றே சொல்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணி ஆறு தெற்கேயும் காளங்கி ஆறு வடக்கேயும் வெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்டும்போது சில இடங்களில் தண்ணீர் கிட்டத்தட்ட நல்ல தண்ணீராகிவிடும். முகத்துவாரம் திறந்திருந்தால் கடல் ஏறி உப்பாகும். கோடையில் மணல் மூடி முகத்துவாரம் அடைபட்டு, வெயிலில் வற்றிக் கடலைவிடவும் உப்பாவதுண்டு. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவில் உப்பு இருக்கும். ஆக, ஒரே ஆண்டில் ஏறக்குறைய பூஜ்யத்திலிருந்து 35க்கும் மேலே போய்வரும் தண்ணீரில்தான் இங்கே மடவையும் கொடுவாவும் இறாலும் நண்டும் பிழைக்கின்றன. எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று பாடு முறையில் தலைக்கட்டுகள் முறைவைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். எந்தத் தண்ணீர் எப்போது எங்கே நிற்கும் என்று தெரியாதவனுக்குப் பாடு கிடைத்தும் பயனில்லை.

இளைஞரின் வீடு கரையை ஒட்டி. முன்னறைச் சுவரோரம் இரும்பு ஸ்டாண்டில் கண்ணாடி டேங்குகள், ஏர் பம்ப்பின் கிர்ரென்ற சத்தம். நடு டேங்கில் மிச்சமிருந்த ஓர் ஏஞ்சல் மூலையில் நின்றது. துடுப்புகளை உடம்போடு ஒட்டி மடக்கியிருந்தது. செவுள் வேகவேகமாக அடித்தது. வால் ஓரத்திலும் மேல் துடுப்பிலும் ரவையைத் தூவியதுபோல் வெள்ளைப் பொட்டுகள். அவ்வப்போது ஒருக்களித்துப்போய் ஃபில்டர் குழாயில் உடம்பைத் தேய்த்துவிட்டு வந்தது. வெள்ளைப்புள்ளி என்று உறுதியாகச் சொல்ல இவ்வளவு போதும்.

இந்தப் பொட்டு ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் ஒற்றைச்செல் உயிர் உட்கார்ந்திருக்கிறது. பெயர் இக்தியோப்தீரியஸ் மல்டிஃபிலிஸ். 1876இல் ஃபூக்கே என்பவர் வைத்த பெயர். மீன் வளர்ப்பவர்கள் சுருக்கி 'இக்' என்பார்கள். மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து, திசுவைத் தின்று பருக்கும். அங்கே இருக்கும்வரை தண்ணீரில் ஊற்றும் எந்த மருந்தும் அதைத் தொடாது. பருத்ததும் தானே தோலைக் கிழித்துக்கொண்டு உதிர்ந்து, டேங்க்கின் அடியிலோ கல்லிலோ ஒட்டி, தன்னைச் சுற்றி ஓர் உறை கட்டிக்கொள்ளும். உறைக்குள் பிரிந்து பிரிந்து நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரம் வரைக்கும் குஞ்சுகளாகும். அவை நீந்தி வெளியே வந்து இரண்டொரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், பிடிக்காவிட்டால் செத்துப்போகும். மருந்தோ உப்போ வேலை செய்வது அந்த நீந்தும் கட்டத்தில் மட்டும்தான். இருபத்தைந்து டிகிரித் தண்ணீரில் இந்தச் சுற்று முடிய ஒரு வாரம் போல ஆகும். தண்ணீர் குளிர்ந்தால் இழுத்துக்கொண்டே போகும்.

இளைஞரின் மீனுக்குப் புள்ளி போய்த் திரும்பி வந்த மர்மம் இவ்வளவுதான். புள்ளி மறைந்தது மருந்தால் அல்ல, பருவம் முடிந்து அது கீழே உதிர்ந்ததால். அந்த நேரம் பார்த்து மருந்தை நிறுத்திவிட்டார். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரமாவது சிகிச்சையை விடாமல் தொடர வேண்டும் என்பது அவருக்கு யாரும் சொல்லாத விஷயம். தை மாதக் குளிர் வேறு. ராத்திரி ஜன்னலோரம் இருக்கும் சின்ன டேங்க் நாலைந்து டிகிரி இறங்கி, பகலில் ஏறும். அமேசான் வழி வந்த மீனுக்கு இந்த ஏற்ற இறக்கம் ஒன்றே போதும், எதிர்ப்புச் சக்தி விழுந்துவிடும். சென்னைப் பக்கம் கார்த்திகையிலிருந்து தைவரை வெள்ளைப்புள்ளிப் புகார் அதிகமாவதற்கு இதுதான் காரணம்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பெரியவர் உள்ளே வந்தார். இளைஞரின் அப்பா. வலை வேலை முடித்த கை. டேங்க்குக்குள் விரலை விட்டு, முகர்ந்தார். "தண்ணி நாறுதுடா. மொதல்ல இத மாத்து, அப்புறம் மருந்து பேசு" என்றார். மகன் முணுமுணுத்தார்: "வாரா வாரம் ஃபில்டர் ஸ்பான்ஜைக் கொழாய்ல நல்லா கழுவிதானே போடுறேன்." ஸ்பான்ஜைக் குழாயடியில் பளிச்சென்று கழுவுவதுதான் வினையே. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா வரும். அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் குடியிருப்பது அந்த அழுக்கு ஸ்பான்ஜில்தான். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பிழிந்தால் அவை போய்விடும், அமோனியா ஏறும், செவுள் வெந்துபோகும். சென்னைப் பக்கத்து போர் தண்ணீர் பெரும்பாலும் கடினநீர், காரத்தன்மை கூடியது. காரம் கூடக்கூட அதே அளவு அமோனியா அதிக விஷமாகும். டேங்க்கிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே ஸ்பான்ஜை லேசாக அலசினால் போதும்.

பெரியவருக்கு அமோனியா என்ற பேச்செல்லாம் கிடையாது. திண்ணையில் உட்கார்ந்து அவர் சொன்னது வேறு கணக்கு. "பெருமழை பேஞ்சு ஏரித் தண்ணி இனிச்சுப் போச்சுன்னா மடவைக்கெல்லாம் புண்ணு வரும் தம்பி. செவப்பா, வட்டமா. வாங்க ஆள் வராது. முகத்துவாரம் தொறந்து கடத்தண்ணி ஏறுச்சுன்னா அப்புறம் வர்ற மீன்ல அது இருக்காது."

இதைப் புத்தகமும் ஒப்புக்கொள்கிறது. மீன்களில் வட்டப் புண்ணை உண்டாக்கும் ஒரு கொள்ளைநோய் 1988இல் இந்தியாவின் வடகிழக்கில் நுழைந்து நாடு முழுக்கப் பரவியது. அஃபனோமைசிஸ் இன்வேடன்ஸ் என்ற, பூஞ்சையைப் போன்ற உயிர்தான் காரணம். பெருமழைக்குப் பின் தண்ணீர் குளிர்ந்து, உப்புக் குறையும்போது கழிமுகங்களில் தலைகாட்டும். உப்பு ஏறினால் அடங்கும். மடவை அதற்குச் சுலபமாக இரையாகும் மீன்களில் ஒன்று.

"அப்ப இதுக்கும் உப்புதான்" என்று சமையல்கட்டைப் பார்த்துக் கை காட்டினார் பெரியவர்.

வண்ண மீன் வைத்தியத்தில் கல்லுப்புக்கு ஈடான மலிவு மருந்து இன்றுவரை வரவில்லை என்பது என் கருத்து. நன்னீர் மீனின் இரத்தத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 கிராம் உப்புகள் உண்டு; வெளித் தண்ணீரிலோ ஒன்றுமில்லை. அதனால் தண்ணீர் ஓயாமல் செவுள் வழியே உள்ளே ஊறும். சிறுநீரகம் ஓயாமல் வெளியே தள்ளும். தோலில் ஓட்டை விழுந்தால் ஊறுவது கூடும், உப்பு கசிவதும் கூடும். நோயாளி மீனின் தெம்பில் பாதி இந்த இறைப்பிலேயே போகிறது. தண்ணீரில் கொஞ்சம் உப்பைச் சேர்த்தால் அந்தச் சுமை இறங்கும். நீந்தித் திரியும் இக் குஞ்சுக்கோ அந்த உப்பே எமன். லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் அளவு. 100 லிட்டர் டேங்க்குக்கு 200 கிராம் என்றால், ஒரு குவளையில் கரைத்து, ஒன்றிரண்டு நாளில் பகுதி பகுதியாகச் சேர்க்க வேண்டும். கல்லாக நேரே மீன்மேல் போடக் கூடாது. ஆவியாவது தண்ணீர்தான், உப்பல்ல. குறைந்த தண்ணீரை நிரப்பும்போது மறுபடி உப்புப் போட்டால் அளவு எகிறிவிடும். கூடவே ஹீட்டர் வைத்து வெப்பத்தை மெல்ல 30 டிகிரிக்கு ஏற்றினால் இக் பெரும்பாலும் பெருக முடியாமல் போகும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால் ஏர் ஸ்டோன் ஒன்று கூடுதலாக வேண்டும். மோலிக்கு இந்த உப்பு விருந்து. கோரிடோராஸ், லோச் போன்றவற்றுக்கும் டேங்க்கில் நட்ட செடிகளுக்கும் ஆகாது. அவற்றை வேறு டேங்க்குக்கு மாற்றிவிட்டுத்தான் உப்பில் கை வைக்க வேண்டும்.

புதிதாக வாங்கி வந்த ஏஞ்சல்களை என்ன செய்வது? நல்லவேளை, இன்னும் பையிலேயே மிதந்துகொண்டிருந்தன. நடு டேங்க்கில் விட்டிருந்தால் இக் குஞ்சுகளுக்குப் புது இலை போட்ட கதையாகியிருக்கும். ஐஸ் பெட்டியாகப் பயன்பட்டு ஓரமாகக் கிடந்த ஒரு தெர்மாகோல் பெட்டியைக் கழுவி, ஏர் ஸ்டோன் போட்டு, புது மீன்களைத் தனியாக விட்டோம். குறைந்தது இரண்டு வாரமாவது தனியே வைத்துக் கவனித்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். வலையும் டியூபும்கூடத் தனி. கடையில் வாங்கிய மீன் எவ்வளவு துள்ளினாலும் இந்த விதியில் எனக்குச் சமரசம் கிடையாது.

அந்த அறையில் என்னை அதிக நேரம் நிற்க வைத்தது ஏஞ்சல் அல்ல. கீழ்த்தட்டில் ஒரு பழைய டேங்க். அதில் ஏரியிலேயே பிடித்த மீன்கள். உள்ளங்கை அகலத்தில் முத்துப்புள்ளி போட்ட இரண்டு, கேரளத்தில் கரிமீன் என்று கொண்டாடுவது. அவற்றோடு கட்டைவிரல் நீளத்தில், மஞ்சளும் ஆரஞ்சுமாய்ச் சிவப்புப் பொடிப்புள்ளிகளோடு சில. வெளிநாட்டு வண்ண மீன் கடைகளில் ஆரஞ்சு குரோமைட் என்று விலை போகும் மீன் அது. இரண்டும் சிக்லிட் குடும்பம். அமேசானின் ஏஞ்சலும் டிஸ்கஸும் அதே குடும்பம்தான். இந்தியாவுக்கே சொந்தமான சிக்லிட்கள் மொத்தம் மூன்று. அதில் இரண்டு ஒரே டேங்க்கில், அவற்றின் தூரத்து உறவுக்காரனுக்குக் கீழே.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பொடி குரோமைட் பெரிய கரிமீனின் வாலருகே போய் நின்றது. கரிமீன் அசையாமல் துடுப்பை விரித்துக் கொடுத்தது. பொடியன் அதன் வால் விளிம்பைக் கொத்தினான், விலகினான், மறுபடி கொத்தினான். வைமன், வார்டு என்ற இருவர் 1972இல் விரிவாக எழுதிய வழக்கம் இது. இளம் ஆரஞ்சு குரோமைட்கள் கரிமீனின் துடுப்பிலும் வாலிலும் படியும் பூஞ்சையையும் ஒட்டுண்ணியையும் கொத்தித் தின்று சுத்தம் செய்கின்றன. கடலில் பவளப்பாறையில் இதைச் செய்யும் மீன்கள் பிரபலம். உவர்நீரில் செய்வது நம் வீட்டுக்காரன். குஞ்சாக இருக்கும்போது பெற்றோரின் உடம்புக் கோழையைக் கொத்தித் தின்னும் பழக்கமும் இவற்றுக்கு உண்டு. டிஸ்கஸ் குஞ்சுகளும் தாய் தந்தையின் கோழையைத் தின்றே முதல் வாரங்களைக் கடக்கின்றன. டிஸ்கஸைப் பார்த்தால் உலகமே அமேசானை நினைக்கிறது. நம் குரோமைட்டை நினைக்க யாருமில்லை. சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம் கரிமீனையும் உவர்நீர் அலங்கார மீன்களையும் இனப்பெருக்கம் செய்யும் முறையை உருவாக்கிக் கடலோரக் குடும்பங்களுக்குப் பழக்கி வருகிறது. அடிக்கடி நோயில் விழும் ஏஞ்சலைக் குளத்தூரிலிருந்து சுமப்பதைவிட, இந்த ஊர் வீடுகளுக்கு அதுவே பொருந்தும் தொழில் என்று இளைஞரிடமும் சொன்னேன். "பசங்க ஏஞ்சல்தான் சார் கேக்குறாங்க" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கரையில் மற்றவர்களிடம் 'வெள்ளைப்புள்ளி' என்று பேச்சை எடுத்தால் அவர்கள் முகம் மாறுவதைக் கவனித்தேன். அவர்களுக்கு அது இறால் நோய். 1994 வாக்கில் இறால் பண்ணைகளில் புகுந்து குளம் குளமாகக் கவிழ்த்த வைரஸ். அதற்கு இன்றுவரை மருந்து கிடையாது. டேங்க் மீனின் புள்ளிக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. பண்ணைகள் காயலைச் சூழ்ந்த அந்தக் காலத்தில்தான் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பளித்தது. சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1000 மீட்டருக்குள் இறால் பண்ணைத் தொழில் கூடாது என்று ஏரியின் பெயரைச் சொல்லியே தடுத்தது. நோய்த் தண்ணீரை எங்கே திறந்துவிடுகிறோம் என்பது சொந்தக் குளத்தோடு முடிகிற கணக்கல்ல என்று இந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

வண்ண மீன் வியாபாரத்துக்கு அந்தப் பாடம் இன்னும் ஏறவில்லை. மீன் கொஞ்சம் சோர்ந்தால் மருந்துக்கடை டெட்ராசைக்ளின் கேப்சூலை உடைத்து டேங்க்கில் கொட்டுவது பலரின் முதல் வைத்தியம். ஒட்டுண்ணிக்கும் பூஞ்சைக்கும் ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது. ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவைக் கொல்லும், மிஞ்சும் கிருமிக்கு எதிர்ப்பைப் பழக்கும், பிறகு சாக்கடை வழியே வெளியே போகும். மெத்திலின் ப்ளூ, மாலகைட் கிரீன் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. ஆனால் எந்த நோய் என்று தெரிந்த பிறகு. மாலகைட் கிரீன் பட்ட கையோடு சாப்பாட்டு மீனைத் தொடக் கூடாது. உண்ணும் மீனில் அதற்குத் தடை. டிஸ்கஸ் தீனி எடுக்காமல், கறுத்து, வெள்ளை நூலாகக் கழிந்தால் அது குடலில் இருக்கும் ஒட்டுண்ணியாக இருக்கலாம். அதற்கு மெட்ரோனிடசோல் என்று வேறு வழி. செதில் சிலிர்த்து வயிறு ஊதிய மீன் பெரும்பாலும் பிழைப்பதில்லை. அதைத் தனியே எடுத்து மற்றவற்றைக் காப்பாற்றுவதே விவேகம்.

திரும்பும்போது பொன்னேரியில் இறங்கினேன். அந்த ஊரிலேயே டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி இருக்கிறது. தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மாதவரம் வளாகத்தில் மீன் நோய்களைப் பரிசோதிக்கும் ஆய்வகம் இருக்கிறது. நுண்ணோக்கியில் ஒரு சொட்டுக் கோழையைப் பார்த்தால் சில நிமிடத்தில் முடிவாகிற சந்தேகத்துக்கு நாம் வாரக்கணக்கில் பாட்டில் பாட்டிலாகச் செலவழிக்கிறோம். நிறைய மீன் வைத்து வளர்ப்பவர்கள், விற்பவர்கள் இந்தக் கதவுகளைத் தட்டத் தயங்கக் கூடாது.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். செத்த மீனையும், 'பிழைத்துப் போகட்டும்' என்று சாகப் போகும் மீனையும் ஏரியிலோ ஆற்றிலோ விடாதீர்கள். டேங்க் கிளீனர் என்று வாங்கிய சக்கர் மீனை அப்படி விட்டதால்தான் இன்று சென்னையைச் சுற்றிய ஏரிகளில் வலையைக் கிழிக்கும் முள்மீனாக அது பெருகியிருக்கிறது. எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் காக்கா ஆழி என்ற அந்நிய மட்டி அடியெல்லாம் பாயாகப் படர்ந்து, மஞ்சள் மட்டியையும் இறால் புதையும் மண்ணையும் மூடிக்கொண்டிருக்கிறது. அதோடு மல்லுக்கட்டும் மீனவர்களுக்கு நம் வீட்டு நோயும் சேர வேண்டாம். செத்த மீனை மண்ணில் ஆழப் புதையுங்கள். நோய் கண்ட டேங்க் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கலந்து ஒரு நாள் வைத்து, பிறகு கழிவுநீர்க் குழாயில் ஊற்றுங்கள். வலை, டியூப், கல் எல்லாவற்றையும் வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். காய்ந்த இடத்தில் இக் உயிரோடு இருக்காது.